சம்பளத்தாளில் ஒரு சோழி

கடல் கடந்து பொருள் தேடச் சென்றோரின் குடும்பங்கள் நம் சங்கத்தில் பல உள. அவர்கள் அனுப்பும் பணத்தை எண்ண அறிந்த நாம், அப்பணத்தின் கணக்கு எந்த எழுத்தில் எழுதப்பட்டு வருகிறதென்பதை அறிய முயன்றதில்லை. அவ்வறியாமையால் எம் இல்லத்தில் விளைந்த ஒரு பிழையையும், பின்னர் நாம் கற்க நேர்ந்த சீன எழுத்தொன்றையும் பற்றி இங்கு எழுதத் துணிந்தோம்.

நெய்யாற்றின்கரை வட்டத்துத் திருப்புறம் எம் ஊர். 2015-ஆம் ஆண்டில் எம் தம்பி கட்டட வேலைக்காகச் சிங்கப்பூர் சென்றான். முகவருக்குக் கொடுத்த தொகை முழுவதும் கடன். முதல் மாதம் முடிந்ததும் மேற்பார்வையாளர் கையால் எழுதிக் கொடுத்த கணக்குத்தாளைப் புகைப்படமாக எடுத்து எமக்கு அனுப்பினான். தாளின் அடிப்பகுதி படத்தில் விடுபட்டுப் போயிற்று. எஞ்சியதில் மூன்று பத்திகள். ஒவ்வொன்றின் தலைப்பும் சீனத்தில். கீழே நமக்குத் தெரிந்த எண்கள். மூன்று தலைப்புகளின் இறுதி எழுத்துக்கும் அடிப்பாகம் ஒன்றாகவே இருந்தது. ரயில்வே அலுவலகத்தில் நாள்தோறும் வரவும் பற்றும் பார்க்கும் நமக்குக் கணக்கில் யார் வழிகாட்ட வேண்டும்? மூன்றும் ஒரே இனத்து வரவு என்று முடிவு செய்து, மூன்றையும் கூட்டி, அத்தொகை வரும் என்று கடன்காரரிடம் தவணையும் சொல்லி வந்தோம்.

வந்த பணம் மிகக் குறைவு. "அண்ணா, என் கையில் கிடைத்தது இவ்வளவுதான்" என்றான் தம்பி. "தாளில் இருப்பது வேறாயிற்றே" என்றோம். அதற்குமேல் நாம் தொலைபேசியில் சொன்னவற்றை இங்கு எழுத மனம் வரவில்லை. மூன்று வாரம் அவன் அழைக்கவில்லை. அம்மா எம்மிடமும் அதிகம் பேசவில்லை.

பின்னர் ஒருநாள் ஒரு படம் வந்தது. உடன் வேலை செய்யும் சீனத் தொழிலாளி ஒருவர், ஒட்டுப்பலகைத் துண்டொன்றின்மேல் தச்சுப் பென்சிலால் இரண்டு எழுத்துகளைப் பெரிதாக வரைந்திருந்தார். ஒன்றன்கீழ் கூட்டல் குறி. மற்றொன்றன்கீழ் கழித்தல் குறி.

அவ்வெழுத்துகளைச் சொல்லாலேயே வரைந்து காட்டுவோம். இரண்டுக்கும் பொதுவான அடிப்பாகம், கீழ்ப்புறம் திறந்த ஒரு சிறு பெட்டி. அதனுள்ளிருந்து இடமும் வலமுமாக இரு கால்கள் இறங்கும். நான்கே கோடுகள். பழைய முறையில் இதற்கு ஏழு கோடுகள். சீன அரசு 1956-இல் வெளியிட்ட எழுத்துச் சுருக்கத் திட்டத்தின் வழியே இவ்வடிவம் சுருங்கிற்று. இவ்வுறுப்பின் பெயர் 'பெய்'. பொருள் சோழி! நம் வீட்டுப் பிள்ளைகள் தாயத்துக்கு உருட்டுவதும், சோதிடர் பிரசினம் பார்க்கப் பரப்புவதுமான அதே பலகறைதான்.

மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சீனத்தில் சோழி செல்வமாக மதிக்கப்பட்டது. கடலுக்கு நெடுந்தொலைவிலுள்ள அன்யாங் நகரில் 1976-இல் அகழப்பெற்ற ஃபூ ஹாவ் என்னும் அரசியின் கல்லறையில் 6,000-க்கும் மேற்பட்ட சோழிகள் இருந்தன. அதனாலேயே பொருள், செலவு, கடன், பரிசு, வாடகை முதலிய எழுத்துகளிலெல்லாம் சோழி ஓர் உறுப்பாக அமைந்தது. வறுமை என்பதற்குரிய எழுத்தில், 'பங்கிடு' என்னும் குறியின்கீழ் சோழி நிற்கும். பங்கிட்டுப் பங்கிட்டுத் தேய்ந்த செல்வம் வறுமை என்பதைப் பல உடன்பிறந்தார் உள்ள வீடுகளில் விளக்க வேண்டியதில்லை. வாங்குதல், விற்றல் என்னும் எழுத்துகளிலும் முன்னர்ச் சோழி இருந்தது. சுருக்கத்தில் அவை இரண்டும் அதனை இழந்துவிட்டன. வாணிகத்திலிருந்தே பணத்தை எடுத்துவிட்டார்கள் போலும்!

நிற்க. கூட்டல் குறியிட்ட எழுத்துக்கு வருவோம். இதன் ஒலி ஏறத்தாழ 'த்ஸு'. பணம், மூலப்பொருள், வளம் என்பன இதன் பொருள்கள். இதன்முன் 'வேலை' என்னும் எழுத்தை வைத்தால் சம்பளம் ஆகும். அவ்வேலை எழுத்து, தண்டவாளத்தைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் தோன்றும் வடிவம். எமக்கு அது ஒரே நாளில் பதிந்துவிட்டது. 'போடு' என்பதனோடு சேர்ந்தால் இவ்வெழுத்து முதலீடாகும். 'ஊற்று' என்பதனோடு சேர்ந்தால் இயற்கை வளமாகும். ஒருவனுடைய கல்வித்தகுதியைக் குறிக்கும் சொல்லிலும் இவ்வெழுத்தே முன்நிற்கிறது. மெட்ரிகுலேஷனோடு நின்றுவிட்ட நாம் அதை அறிந்தபோது சிறிது நேரம் பேசாதிருந்தோம்.

சோழியின் தலைமேல் அமர்ந்திருக்கும் பகுதி 'அடுத்தது' எனப் பொருள்படும் வேறோர் எழுத்து. இடப்புறம் இரு புள்ளிகள். வலப்புறம் வாய் பிளந்து கொட்டாவி விடும் ஒரு மனிதன். அது ஒலியைக் காட்டவே அங்கு வந்தது, பொருளுக்காக அன்று. எனினும் ஒரு வேடிக்கை உண்டு. நாம் மூலதனத்தை 'முதல்' என்கிறோம். அவர்களோ அதை எழுதுகையில் சோழியின்மேல் 'அடுத்தது' என்பதை ஏற்றி வைத்திருக்கிறார்கள். மேலும், அக்கொட்டாவி மனிதனைத் தனியே எழுதினால் 'கடன்பட்டிரு' என்றும் பொருளாம். சம்பளத்தின் தலைமேலேயே கடன் அமர்ந்திருக்கிறது என்று நாம் சொன்னபோது தம்பி சிரிக்கவில்லை.

கழித்தல் குறியிட்ட எழுத்து 'ஃபெய்'. செலவு, கட்டணம் என்பது பொருள். சோழியின்மேல் வில்போல் வளைந்த கோட்டை இரு நெடுங்கோடுகள் ஊடுருவும். டாலர் குறியை ஒத்த இம்மேற்பகுதியையே ஜப்பானியர் டாலரைக் குறிக்க எழுதி வந்தனர். இப்போது தாள் தெளிவாயிற்று. முதற் பத்தி சம்பளம். மற்ற இரண்டும் உணவுக் கட்டணமும் தங்குமிடக் கட்டணமும். அடியில் ஒரே சோழி இருந்ததைக் கண்ட நாம், தலையைப் பார்க்கத் தவறினோம்.

சீனருடைய பணமும் நம்முடைய பணமும் முன்பே அறிமுகமானவை. காலியில் 1911-இல், ஒரு சிறு மதகின் மூடுகல்லாகக் கிடந்த கல்வெட்டொன்று கண்டெடுக்கப்பட்டது. இன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் உள்ளது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொணர்ந்தது. 1409-ஆம் ஆண்டு நாளிட்டது. சீனம், தமிழ், பாரசீகம் என மும்மொழியில் காணிக்கைப் பட்டியல் அதில் உண்டு. பொன் ஆயிரம், வெள்ளி ஐயாயிரம் என்று எண்ணுமிடத்தில் சீனப்பகுதி 'சியென்' என்கிறது. தமிழ்ப்பகுதி கழஞ்சு என்கிறது. 'சியென்' என்பது எடையும் ஆகும், பணமும் ஆகும். கழஞ்சோ கழற்சிக்காயால் பெயர் பெற்ற நிறை. அவர்கள் சோழியில் தொடங்கினார்கள். நாம் காயில் தொடங்கினோம்.

இன்னும் அருகிலுள்ள சான்று, எம் ரயில் வழியிலேயே இருக்கும் கொல்லம். அங்குத் துறைமுகத்தை ஆழப்படுத்தியபோது 2014-இல் சீனக் காசுகள் வெளிப்பட்டன. நடுவே சதுரத் துளையுடைய அச்செப்புக் காசை ஆங்கிலேயர் 'கேஷ்' என்றனர். அது நம் 'காசு' என்னும் சொல்லே. போர்த்துகீசியர் வாய்ப்பட்டு அவ்வாறு திரிந்தது. ரொக்கத்தைக் குறிக்கும் 'கேஷ்' பெட்டியைக் குறித்த வேறொரு சொல்லின் வழிவந்தது, இரண்டையும் குழப்பலாகாது. திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய் என்று எம் பாட்டனார் எண்ணிய அந்தக் காசின் பெயரில்தான் சீனத்து நாணயம் மேனாடுகளில் அறியப்பட்டது.

தம்பியிடம் நாம் என்ன சொன்னோம் என்பதையும் எழுதிவிட வேண்டும். "தவறு எம்முடையது" என்றோம். "இருக்கட்டும் அண்ணா, உணவுப் பத்தியில் எத்தனை எழுதியிருந்தது?" என்று கேட்டான். சொன்னோம். அவன் போய்ச் சேர்ந்தது அம்மாதத்தின் நடுவில். கட்டணமோ முழு மாதத்துக்கும் எழுதப்பட்டிருந்தது. கூட்டலாக எண்ணிய காலத்தில் நாம் இதைக் கவனிக்கவும் வழியில்லை.

மறுநாள் தாளை எடுத்துச் சென்று, 'ஃபெய்' என்னும் எழுத்தின்மேல் விரலை வைத்து, தான் வந்த நாளைச் சொல்லிக் கேட்டிருக்கிறான். மேற்பார்வையாளர் தாளையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் ஏதோ குறித்துக்கொண்டாராம். சம்பளத்தையும் ஒவ்வொரு பிடித்தத்தையும் தனித்தனியே காட்டும் சம்பளச்சீட்டு கட்டாயம் என்னும் சட்டம் சிங்கப்பூரில் 2016 ஏப்ரல் 1 முதலே நடைமுறைக்கு வந்தது. அன்று அவனுக்குத் துணை அந்த ஓரெழுத்தே.

அடுத்த தாள் வந்தபோது உணவுப் பத்தியில் பாதித்தொகைதான் இருந்தது. இம்முறை இரண்டு பத்திகளையும் கழித்துப் பார்த்தோம். வீட்டுக்கு வந்த பணத்தோடு, அவன் கைச்செலவுக்கு வைத்துக்கொண்டதாகச் சொன்ன இருபது வெள்ளியையும் சேர்த்தால் கணக்கு நேராயிற்று.