கொள்ளைநோய்க் காலமும் முதலாளிமார் கேள்விகளும்

பிழைப்பை நாடி வேற்று மாநிலம் வந்து, ஓட்டலோ அச்சகமோ தையற்கூடமோ சொந்தமாக நடத்தும் தமிழன்பர்கள் பலர். அவர்களிடம் வேலை பார்ப்போரில் ஊரிலிருந்து வந்தவர்களும் அநேகர். 2020-ஆம் ஆண்டில் கொரோனாப் பெருந்தொற்று பரவியபோது இத்தகைய முதலாளிமார் மனத்தில் எழுந்த சில கேள்விகளை இங்கு எடுத்துக்கொள்வோம். அந்நோயின் வேகம் இன்று தணிந்துவிட்டது. எனினும் மற்றொரு தொற்று வருமாயின் இதே கேள்விகள் மீண்டும் எழும்.

தில்லி கரோல் பாக் பகுதியில் சிற்றுண்டிச் சாலை நடத்தும் அன்பர் ஒருவர், அரசாங்கச் சுற்றறிக்கைகளைத் தமிழாக்குவது என் பணி என்பதை அறிந்தவர். ஒரு நாள் காலை தொலைபேசியில் அழைத்தார். "ஸார், தோசை போடுகிற பையனுக்குக் காய்ச்சல். மாடி அறையில் அவனோடு ஆறு பேர் படுக்கிறார்கள். தனிமைப்படுத்து என்கிறார்கள். யாரை, எங்கே தனிமைப்படுத்துவது?" என்றார்.

அவருடைய குழப்பத்துக்கு என்னைப் போன்ற மொழிபெயர்ப்பாளர்களும் ஒருவகையில் காரணம். ஐசொலேஷன், குவாரண்டைன் என ஆங்கிலத்தில் இரு சொற்கள் உண்டு. நாங்களோ இரண்டையும் 'தனிமைப்படுத்தல்' என்றே எழுதிவந்தோம். முன்னது, நோயுற்றவரைப் பிறரிடமிருந்து பிரித்து வைத்தல். பின்னது, நோயாளியோடு பழகியும் நோய்க்குறி இன்னும் தோன்றாதவரைச் சில நாட்கள் விலக்கிவைத்துக் கவனித்தல். 2020-இல் இதற்கு 14 நாட்கள் என வகுத்திருந்தனர். இவ்விரு சாராரையும் ஓர் அறையில் அடைத்தால், நலமாக இருப்பவருக்கும் நோயை நாமே வருவித்தவர் ஆவோம். ஆகவே ஓட்டல் அன்பருக்கு வேண்டியிருந்தவை இரண்டு ஏற்பாடுகள். ஜன்னல் உள்ள சரக்கறையைக் காலிசெய்து நோயாளிக்குக் கொடுத்தார். கடையை மூடி, மற்ற அறுவரையும் உணவுக் கூடத்தில் இடைவெளி விட்டுப் படுக்கச் செய்தார்.

"வாயிலில் உடல் வெப்பம் பார்த்தால் போதாதா?" என்பது அடுத்த கேள்வி. மத்திய உள்துறை அமைச்சகம் 2020 ஏப்ரல் 15-ஆம் நாள் வெளியிட்ட நெறிமுறைகள், வெப்பம் பார்ப்பதோடு நிற்கவில்லை. ஷிப்டு மாறுகையில் ஒரு மணி நேர இடைவெளி வேண்டும், சாப்பாட்டு வேளைகளை மாற்றி அமைக்க வேண்டும் என்றும் வற்புறுத்தின. காரணம் எளிது. கிருமி புகுந்தபின் நோய்க்குறி தோன்றப் பொதுவாக ஐந்தாறு நாட்கள், சிலருக்கு 14 நாட்கள்கூட ஆயின. குறி தோன்றுவதற்கு இரண்டு நாட்கள் முன்பே பிறருக்குப் பரவவும் கூடும். காய்ச்சலே காணாதவர்களும் உண்டு. வெப்பமானி காய்ச்சலைக் காட்டுமேயன்றிக் கிருமியைக் காட்டாது.

இனி, காற்று. தொடக்கத்தில் மேசையையும் கைப்பிடியையும் துடைப்பதிலேயே நம் கவனம் சென்றது. 2021 மே மாதத்தில் இந்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகம் ஒரு விளக்கம் வெளியிட்டது. எச்சில் திவலைகள் 2 மீட்டருக்குள் விழுந்துவிடும். நுண்துகள்களோ காற்றில் 10 மீட்டர் வரையிலும் செல்லக்கூடும் என்று அது கூறிற்று. ஜன்னலையும் கதவையும் அடைத்துவிட்டு, உள்ளே உள்ள காற்றையே சுழலவிடும் குளிர்சாதனத்தை இயக்குவது ஆபத்தானது என்பது இதனால் விளங்கும். எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வைப்பதும், காற்றை வெளியேற்றும் விசிறியை ஓடவிடுவதும் அதிகச் செலவில்லாத பாதுகாப்புகள்.

"ஒருவருக்கு நோய் கண்டால் கட்டடம் முழுவதையும் மூட வேண்டுமா?" சுகாதார அமைச்சகத்தின் 2020 மே மாத விதிப்படி, ஓரிருவருக்கு நோய் கண்டால், முந்திய 48 மணி நேரத்தில் அவர்கள் நடமாடிய இடங்களைத் தூய்மைப்படுத்துவது போதும், பலருக்குக் கண்டால் கட்டடத்தை 48 மணி நேரம் மூட வேண்டும். 2021 பிப்ரவரியில் வந்த திருத்தமோ, பலருக்குக் கண்டாலும் தூய்மைப்படுத்தியபின் பணியைத் தொடங்கலாம் என்றது. அறிவு வளர வளர விதியும் மாறும். ஆகையால் எந்தச் சுற்றறிக்கையைப் படித்தாலும் முதலில் அதன் தேதியைப் பாருங்கள்.

இவை யாவற்றினும் முக்கியமானது கூலி பற்றிய கேள்வி. ஊரடங்கில் மூடிய நாட்களுக்கும் பிடித்தமின்றிக் கூலி தர வேண்டுமென்று 2020 மார்ச் 29-இல் உள்துறை அமைச்சகம் ஆணையிட்டது. அவ்வாணை மே 18 முதல் நடப்பில் இல்லாமற் போயிற்று. ஜூன் 12-இல் உச்ச நீதிமன்றம், இருதரப்பாரும் பேசித் தீர்த்துக்கொள்ள முயலுமாறு கூறியது. இ.எஸ்.ஐ. திட்டத்தில் பதிவாகி, உரியபடி சந்தா செலுத்தியிருந்த தொழிலாளருக்கு, நோயுற்ற நாட்களுக்குச் சராசரிக் கூலியில் நூற்றுக்கு 70 வீதம், ஆண்டுக்கு 91 நாட்கள் வரை பெற வழியிருந்தது. சிப்பந்திகளைப் பதிவு செய்யாமல் விட்டிருந்த முதலாளிகள், அதன் நஷ்டத்தை அப்போதுதான் உணர்ந்தனர்.

சட்டம் ஒருபுறம் இருக்க, சுகாதாரத்தின் நியாயம் ஒன்று உண்டு. காய்ச்சல் என்று சொன்னால் கூலி போய்விடும் என அஞ்சுகிறவன், ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்கு வருவான். ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டியவன் வேறென்ன செய்வான்? அவன் மறைத்த காய்ச்சல் நான்கே நாட்களில் அறை முழுதும் பரவும், கடையும் மூடப்படும். ஆகவே, நோயுற்ற நாளுக்குக் கூலி தருவதும் முகக்கவசத்தைப் போல் ஒரு தடுப்பு முறையே.

நோயாளியின் பெயரைப் பற்றியும் ஒரு சொல். அதை அறிவிப்புப் பலகையில் எழுதலாகாது. அவனோடு நெருங்கிப் பழகியவர்க்கு மட்டும் செய்தியைத் தெரிவித்தால் போதும். இங்கே ஒருவன் இருமினால் அங்கே தாயார் காதுக்கு எட்டிவிடும் காலம் இது.

தோசை போடும் அந்தப் பையன் மூன்று வாரங்களில் தேறி வேலைக்குத் திரும்பினான். மற்ற அறுவரில் ஒருவருக்கே நோய் கண்டது, அவரும் குணமடைந்தார். காய்ச்சல் என்று அந்தப் பையன் முதல் நாளே வாய் திறந்து சொல்லியதற்குக் காரணம், "கூலியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்" என்று முதலாளி முன்னமே எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்ததுதான். சிப்பந்திகளை வைத்து வேலை வாங்கும் அன்பர்கள், அடுத்த நோய் வரும்வரை காத்திராமல், அந்தச் சொல்லை இப்பொழுதே சொல்லி வைப்பது நலம்.