ஸ்டார் தொங்காத வீட்டில் ஒரு ஸ்தோத்திரம்

கைலாசபுரத்தில் டிசம்பர் பிறந்துவிட்டதைத் தெரிந்துகொள்ள காலண்டரைப் பார்க்க வேண்டியதில்லை. சாயங்காலம் ஒரு நடை போய்வந்தால் போதும். மரங்கள் கவிந்த டவுன்ஷிப் ரோடுகளில் குவார்ட்டர்ஸ் குவார்ட்டர்ஸாக ஸ்டார் ஏறியிருக்கும். ஒரு வீட்டு அடுப்படியிலிருந்து அச்சு முறுக்கு வாசம் வரும். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் கேரல் ரவுண்ட்ஸ் கோஷ்டி டிரம்மும் கித்தாருமாகக் கிளம்பும். கிறிஸ்துமஸ் தாத்தா முகமூடிக்குள் யார் என்று எல்லாக் குழந்தைகளுக்கும் தெரியும். தெரியாத மாதிரியே கை கொடுப்பார்கள். பாய்லர் பிளான்ட் வேலைக்காக எங்கெங்கிருந்தோ வந்து குடியேறிய ஊர் இது. அதனால் மலையாளப் பாட்டும் தெலுங்குப் பாட்டும்கூடக் காதில் விழும்.

அந்த வரிசையில் ஒரு வீடு மட்டும் இருட்டாக இருக்கும். வாசல் லைட் எரியும், ஸ்டார் இருக்காது. அந்த வருஷம் அந்த வீட்டில் ஒரு சாவு விழுந்திருக்கும். துக்கம் நடந்த வருஷம் ஸ்டார் கட்டாமல், பலகாரம் சுடாமல், புதுத்துணி எடுக்காமல் இருப்பது நம் கிறிஸ்தவக் குடும்பங்கள் பலவற்றில் உண்டு. தீபாவளி கொண்டாடாத பக்கத்து வீட்டுக்காரர்களிடமிருந்து வேறுபட்டதல்ல இது. கேரல் பையன்கள் கேட் அருகே தயங்கினால், 'இந்த வருஷம் வேணாம் தம்பி' என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

சாவு மட்டும்தான் காரணம் என்றில்லை. ரிட்டயர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்யப் போகிற குடும்பத்துக்கு அந்த வீட்டில் அதுதான் கடைசி கிறிஸ்துமஸ். பெல் ஆர்டர் குறைந்து, துவாக்குடிப் பக்கம் சின்னச் சின்ன ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் மூடப்பட்ட வருஷங்களில், ஸ்டார் தொங்கிய வீட்டுக்குள்ளேகூட சந்தோஷம் இருந்திருக்காது. பிள்ளைகள் கனடாவிலும் கத்தாரிலும் இருக்க, வீடியோ காலில் கேக் வெட்டும் பெற்றோர் இன்றைக்கு எத்தனையோ பேர். ஆஸ்பத்திரி ரிப்போர்ட் ஒன்றைப் பீரோவில் வைத்துவிட்டு, பண்டிகை முடியட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள்.

இவர்கள் எல்லோரும் டிசம்பர் 25 காலையில் கோயிலுக்குப் போவார்கள். 31 ராத்திரி ஆராதனைக்கும் போவார்கள். அங்கே அவர்கள் சொல்ல வேண்டிய வார்த்தை ஒன்று காத்திருக்கிறது: ஸ்தோத்திரம்.

தமிழ்க் கிறிஸ்தவர்களிடம் அதிகம் புழங்கித் தேய்ந்த வார்த்தை இதுதான் என்று நினைக்கிறேன். பல சபைகளில் வணக்கம் சொல்வதற்குப் பதில் ஸ்தோத்திரம்தான். போனை எடுத்தாலும் அதுதான். பஸ் பிடித்து சீட் கிடைத்தால் ஸ்தோத்திரம், தும்மினாலும் ஸ்தோத்திரம். ஆயிரம் ஸ்தோத்திரபலி என்று புத்தகமே போட்டு, வரிசையாகச் சொல்லி ஜெபிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மார்ச்சில் கணவரை அடக்கம் செய்துவிட்டு டிசம்பரில் தனியாகப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணிடம், 'இந்த வருஷம் முழுக்க ஆண்டவர் நமக்குச் செய்த நன்மைகளுக்காக' என்று மைக்கில் சொல்லும்போது, அந்த வார்த்தை அவர் தொண்டையில் சிக்காமல் என்ன செய்யும்?

இந்த இடத்தில் பலரும் எடுத்து நீட்டுவது பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய அறிவுரையை. எல்லாவற்றிலேயும் நன்றி செலுத்தச் சொல்கிறார் அவர். அதில் 'எல்லாவற்றிலேயும்' என்றுதான் இருக்கிறது, 'எல்லாவற்றுக்காகவும்' என்று இல்லை என்று பிரசங்கிகள் விளக்குவார்கள். நல்ல விளக்கம்தான். ஆனால் எபேசியருக்கு எழுதியதில் 'எல்லாவற்றுக்காகவும்' என்கிற பொருளும் வருகிறதே என்று வேத பாட வகுப்பில் யாராவது கேட்டால் விவாதம் நீளும். உருபு ஆராய்ச்சியில் துக்கம் தீராது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. நற்கருணை, திருவிருந்து என்று நாம் சொல்லும் சடங்குக்குக் கிரேக்கத்தில் வழங்கிய பெயருக்கு 'நன்றி கூறல்' என்று பொருள். இயேசு அப்பத்தை எடுத்து நன்றி சொன்னது காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில். மறுநாள் மரணம். அதற்குச் சற்று நேரம் கழித்து, அதே இரவில், தோட்டத்தில் விழுந்து கிடந்து இந்தப் பாத்திரம் நீங்காதா என்று மன்றாடினார். நன்றியும் கதறலும் ஒரே இரவில், ஒரே வாயிலிருந்து வந்தன. ஒன்று இன்னொன்றை ரத்து செய்யவில்லை.

சங்கீதப் புத்தகத்தைப் புரட்டினாலும் இதைத்தான் பார்க்கிறோம். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். அநேகப் புலம்பல்கள் கடைசியில் துதியில் போய் முடியும். 88-வது சங்கீதம் அப்படியும் முடிவதில்லை; இருளிலேயே நின்றுவிடுகிறது. அதையும் வேதம் என்றுதான் பைண்டு செய்து வைத்திருக்கிறோம்.

திருச்சிக்காரர்களுக்கு இதில் சொந்தக் கதை ஒன்று உண்டு. புத்தூர் பிஷப் ஹீபர் காலேஜ் பெயரைப் பஸ்ஸில் தினமும் கேட்கிறோம். அந்த ஹீபர் யார்? ரெஜினால்ட் ஹீபர், கல்கத்தா ஆங்கிலிக்கன் பிஷப், பாடலாசிரியர். 'ஹோலி, ஹோலி, ஹோலி' என்ற பாடலை எழுதியவர். நம் பாமாலைகளில் தமிழில் அது இன்றும் கம்பீரமாக ஒலிக்கிறது. அந்தத் துதிப்பாடலைப் பாடும்போது, எந்தக் குறையும் இல்லாத மனிதர் எழுதியது போலத் தோன்றும். ஆனால் 1809-ல் கல்யாணம் ஆகி, பல வருஷம் காத்திருந்து, 1818-ல் பிறந்த அவருடைய மூத்த பெண் குழந்தை ஒரு வயது நிறைவதற்குள் இறந்துபோனது. அந்தத் துக்கத்திலும் அவர் ஒரு பாடல் எழுதினார். அடக்க ஆராதனைக்கான பாடல் அது. இரண்டையும் எழுதியது ஒரே பேனா.

1826-ல் தஞ்சாவூரில் ஈஸ்டர் ஆராதனை நடத்திவிட்டுத் திருச்சிக்கு வந்தார். ஏப்ரல் 3, திங்கட்கிழமை. அதிகாலையில் கோட்டைப் பகுதியிலிருந்த தமிழ்ச் சபைக்குப் போய் திடப்படுத்தல் ஆராதனையை முடித்துத் திரும்பியவர், வெயில் அலுப்புத் தீரக் குளிக்கத் தொட்டியில் இறங்கினார். உயிரோடு வெளியே வரவில்லை. வயது 42. மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் கல்கத்தா பக்கம் காத்திருந்தார்கள். செயின்ட் ஜான்ஸ் கோயிலுக்குள் அவர் கல்லறை இருக்கிறது.

அவர் அன்று காலை போய்வந்த கோட்டைக் கோயில் அதற்கும் 60 வருஷம் முந்தியது, 1766-ல் கட்டப்பட்டது. கட்டியவர் ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ். கோட்டையில் வெடிமருந்துக் கிடங்கு வெடித்துப் பலர் இறந்தபோது, அநாதையான குழந்தைகளைச் சேர்த்துப் படிக்க வைத்தவர் அவர். பிறகு தஞ்சாவூரில் இருந்த காலத்தில், 1780-களின் தொடக்கத்தில் ஹைதர் அலியின் படையெடுப்பும் பஞ்சமும் வரப்போவதை யூகித்து முன்கூட்டியே தானியம் வாங்கிச் சேமித்தார். பசியில் வந்தவர்களுக்கு அது சோறானது. ஸ்தோத்திரம் என்ற சொல் இந்த ஊரில் ஒரு காலத்தில் பானையில் வெந்திருக்கிறது.

சரி, பழைய கதை போதும். நம் காலத்துக்கு வருவோம்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸ் பூசைக்கு வேளாங்கண்ணி போனவர்கள் ஊர் திரும்பாமல் தங்கியிருந்த காலை. தமிழ்நாட்டில் சுனாமிக்குப் பலியான சுமார் 8,000 பேரில் 6,000-க்கும் மேற்பட்டவர்கள் நாகப்பட்டினம் மாவட்டத்தில் இறந்தார்கள். வேளாங்கண்ணியில் பேராலயத்துக்குள் இருந்தவர்கள் பிழைத்தார்கள். கடற்கரையிலும் கடைத்தெருவிலும் நின்றவர்கள் நூற்றுக்கணக்கில் போனார்கள். நம் பக்கத்திலிருந்து வேளாங்கண்ணிக்கு எத்தனை பஸ், எத்தனை வேன் போகும் என்று உங்களுக்கே தெரியும்.

பிழைத்தவர்கள் நன்றி சொன்னார்கள். சொல்லாமல் எப்படி இருக்க முடியும்? 'மாதா எங்களைக் காப்பாத்திட்டா' என்று ஒருவர் சொல்லும்போது, பக்கத்தில் குழந்தையைப் பறிகொடுத்தவர் அதைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். அப்படியானால் என் பிள்ளையை ஏன் காப்பாற்றவில்லை? பூசையில் உட்கார்ந்திருந்தவர்களின் விசுவாசம் பெரிது, பிள்ளைக்கு அலை காட்டக் கூட்டிப்போன தகப்பனின் விசுவாசம் சிறிதா? இந்தக் கேள்விக்கு நேரான பதிலை நான் எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை. அதனால்தான் ஆராதனையில் சாட்சி சொல்ல எழுந்திருப்பவர்களிடம் ஒரு கவனம் வேண்டும் என்று தோன்றுகிறது. 'ஆக்சிடென்ட்ல மத்தவங்க எல்லாரும் போய்ட்டாங்க, எனக்கு ஒரு கீறல்கூட இல்ல, ஸ்தோத்திரம்' என்பது கடவுளுக்குச் சொல்லும் நன்றியாக இருக்கலாம். அதையே மைக்கில் சொல்லும்போது இன்னொருவரின் புண்ணில் கை வைக்கிறோம்.

2017-ல் ஒக்கி புயல் வந்தது நவம்பர் 30-ல். கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற கடற்கரை ஊர்களில் கடலுக்குப் போன ஆண்கள் திரும்பவில்லை. சரியாக 25 நாளில் கிறிஸ்துமஸ். கேரளத்தை ஒட்டிய அந்தக் கரையில் டிசம்பர் மாதம் எப்படி ஜொலிக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்த வருஷம் ஜொலிக்கவில்லை. பல குடும்பங்களுக்கு அடக்கம் செய்ய உடல்கூட இல்லை. இறந்தார் என்று அழவும் முடியாது, வருவார் என்று நம்பவும் முடியாது. கொண்டாட்டம் இல்லை, வழிபாடு மட்டும் இருந்தது. பாலன் பிறப்பை அறிவிக்கும் வாசகத்தை அந்தப் பெண்கள் கறுப்புத் துயரத்தோடுதான் கேட்டார்கள். கொண்டாடவில்லையே தவிர, கோயிலை விட்டு அவர்கள் விலகவில்லை.

உண்மையில் கிறிஸ்துமஸ் காலமே அழுகைக்கு இடம் வைத்திருக்கிறது. நாம்தான் கேக் பெட்டியை வைத்து அதை மறைத்துவிட்டோம். திருச்சபைக் காலண்டரில் டிசம்பர் 28 மாசில்லாக் குழந்தைகள் திருநாள். ஏரோது கொன்ற பெத்லகேம் குழந்தைகளின் நினைவு நாள். குடிலில் சாணியும் வைக்கோலும் போட்டு ஆட்டுக்குட்டியை நிறுத்தி முடித்த மூன்றாம் நாள் அது. சத்திரத்தில் இடமில்லை, பிரசவம் மாட்டுத் தொழுவத்தில், கைக்குழந்தையோடு எகிப்துக்கு ஓட்டம். முதல் கிறிஸ்துமஸ் கஷ்டப்பட்ட குடும்பத்தின் கிறிஸ்துமஸ்தான்.

மேலைநாட்டு சபைகள் சிலவற்றில் இப்போது டிசம்பர் 21-ஐ ஒட்டி, வருஷத்தின் மிக நீண்ட இரவில், 'ப்ளூ கிறிஸ்மஸ்' என்று ஒரு தனி ஆராதனை வைக்கிறார்கள். துக்கத்தில் இருப்பவர்களுக்கானது. ஆர்ப்பாட்டமான பாட்டு கிடையாது. மெழுகுவத்தி ஏற்றிவைத்து அமைதியாக இருப்பார்கள், அழுவார்கள். நம் ஊர்ச் சபைகளிலும் யாராவது முயன்று பார்க்கலாம். பெயரை மட்டும் தமிழில் வைத்துக்கொள்ளுங்கள்.

கஷ்டத்தில் நன்றி சொல்வது என்றால் எவ்வளவு பெரிய நன்றி? இங்கே மார்ட்டின் ரிங்கார்ட்டை நினைத்துக்கொள்கிறேன். முப்பதாண்டுப் போர் நடந்த காலத்தில் ஜெர்மனியின் ஐலன்பர்க் என்ற ஊரில் போதகராக இருந்தவர். 1637-ல் அங்கே கொள்ளைநோய் பரவியபோது 4,000-க்கும் அதிகமானவர்களை அவர் அடக்கம் செய்தார். அவர்களில் அவர் மனைவியும் ஒருவர். உலகெங்கும் லூத்தரன் சபைகள் பாடும் புகழ்பெற்ற நன்றிப் பாடல் ஒன்று அவர் எழுதியது. திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ் சுவிசேஷ லூத்தரன் திருச்சபைக்காரர்களுக்கு அவர் பெயர் புதிதாக இருக்காது. பெரிய கதீட்ரல்களில் ஆர்கன் முழங்கப் பாடப்படும் அந்தப் பாட்டு முதலில் எழுதப்பட்டது வீட்டில் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் சொல்லும் ஜெபமாக. அவ்வளவு சாவுக்கு நடுவே அவர் கையிலிருந்த நன்றியின் அளவு ஒரு வேளைச் சாப்பாடு.

அந்த அளவு போதும் என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வும் ஏறக்குறைய சொல்கிறது. ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் செய்தது. நன்றிக்குரிய சில விஷயங்களைத் தவறாமல் எழுதிவந்தவர்கள் மற்றவர்களைவிட நிறைவாக உணர்ந்தார்கள் என்று கண்டார்கள். அதில் ஒரு பகுதி நரம்புத்தசை நோயாளிகளிடம் செய்யப்பட்டது என்பது எனக்கு முக்கியம். சுகமாக இருப்பவர்களை மட்டும் கேட்டு எழுதிய ஆய்வு அல்ல.

ஆகவே ஸ்டார் தொங்காத வீட்டில் இருப்பவர் நீங்கள் என்றால், ஆயிரம் ஸ்தோத்திரம் வேண்டாம். 31 ராத்திரி கவரில் ஸ்தோத்திரக் காணிக்கை போடும்போது காரணம் எழுதக் கை வரவில்லையா, எழுதாமல் போடுங்கள். காரணம் உண்டென்றால் சின்னதாக எழுதுங்கள்: ஐ.சி.யூ. வாசலில் ராத்திரி முழுக்கக்கூட இருந்த மைத்துனர், சம்பளம் வராத மாதம் கணக்கைக் கேட்காத மளிகைக்கடை அண்ணாச்சி, அவர் போகும் முன் கடைசியாகச் சிரித்த ஒரு சாயங்காலம். அவர் போனதற்கு நன்றி சொல்லும்படி உங்களை யாரும் கேட்க முடியாது. அவர் இருந்ததற்குச் சொல்ல முடிந்த அன்றைக்குச் சொல்லலாம். அது இந்த டிசம்பராகவும் இல்லாமல் போகலாம்.

பக்கத்து வீட்டில் இருப்பவர் நீங்கள் என்றால் வேலை சுலபம். கேரல் கோஷ்டியிடம் முன்கூட்டியே சொல்லிவைத்து, அந்த வாசலில் டிரம்மை நிறுத்திவிட்டு, வரவேண்டாம் என்று சொல்லாவிட்டால் மட்டும், மெதுவாக ஒரு பாட்டுப் பாடி ஜெபித்துவிட்டு வரச் சொல்லுங்கள். 25-ம் தேதி மத்தியானம் பிரியாணியோ, அவர்களுக்கு அன்று அது இறங்காது என்று தோன்றினால் ரசம் சாதமோ, டிபன் கேரியரில் கொண்டுபோய்க் கொடுங்கள். 'எல்லாம் ஆண்டவர் சித்தம்' என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். அது அவர்கள் சொல்லலாம், நாம் சொல்லக் கூடாது. கேரியரை உடனே திருப்பிக் கேட்க வேண்டாம். ஜனவரியில் ஒரு நாள், சொந்தக்காரர்கள் எல்லாம் ஊருக்குப் போய் வீடு வெறிச்சென்று ஆன பிறகு, அதை வாங்கிக்கொள்ளும் சாக்கில் போய் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு வரலாம்.