கரையேறும் உவர்நீர்
மேலப்பாளையத்து வயல்களை நனைக்கும் பாளையங்கால்வாய்க்கு நீர் தரும் தாமிரபரணி, ஸ்ரீவைகுண்டம் அணையைக் கடந்து, புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவோடு சங்கமமாகிறது. அந்தக் கடலோரத்தில், உடன்குடி, திருச்செந்தூர் வட்டாரங்களில், முன்பு தித்தித்த கிணறுகள் பல உவர்த்துப்போய், அந்நீரைப் பாய்ச்சிய வாழையின் இலையோரம் கருகி நிற்பதைக் காணுங்கால் நெஞ்சம் வேதனையுறுகிறது.

நன்னீர் இலேசானதாகையால், பூமிக்கடியில் கனத்த உப்புநீரின்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், அது கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம்வரை உவரைத் தடுத்து நிற்கும் என்பது விஞ்ஞானிகள் கண்ட நியதி. ஆகவே, ஆழ்குழாய்க் கிணறுகளால் அளவின்றி இறைத்து அந்த 1 அடியைப் போக்கினால், காலப்போக்கில் 40 அடியும் உவர் மேலேறிவிடும்.

குளங்களைத் தூர்வாரி, மழைநீரை மண்ணுக்குள் இறக்கி, ஆற்றுநீர் கடைமடைவரை சேரச் செய்வதே பரிகாரம். மேல்மடையில் வாழும் நாம் நீரைச் சிக்கனமாகச் செலவிடுவது, கடலோரத்துச் சகோதரருக்கு நாம் ஆற்ற வேண்டிய தர்மமாகும்.