மாசக் கடைசிக்கு ஒரு குக்கர் அரிசி பருப்பு சாதம்

போன வருஷம் எனக்கு வேலை போச்சு. வீட்டுல சொல்லவே மூணு நாள் ஆச்சு. சொன்னப்போ அம்மா எதுவும் கேக்கல, குக்கரை எடுத்து வெச்சாங்க. எங்க கோயம்புத்தூர் பக்கம் செய்யுற அரிசி பருப்பு சாதம்.

நாலு பேருக்கு ஒன்றரை டம்ளர் அரிசி, அரை டம்ளர் துவரம்பருப்பு. கழுவி அரை மணி நேரம் ஊற வைங்க. எண்ணெயில் கடுகு, சீரகம், வரமிளகாய், பூண்டு, சின்ன வெங்காயம் தாளிச்சு, ஒரு தக்காளி, மஞ்சள்தூள், சாம்பார் பொடி சேர்த்து வதக்குங்க. ஆறு டம்ளர் தண்ணி, உப்பு, ஊறின அரிசி பருப்பு, மூணு விசில். அவ்வளவுதான்.

தக்காளி ஒண்ணு போதும். புளிப்பு கூடினா பருப்பு வேக நேரமாகும்.

இது வெறும் வயித்தை நிரப்புற சாப்பாடு இல்லை. அரிசியில் லைசின் குறைவு, பருப்புல அது நிறைய. பருப்புல மெத்தியோனின் குறைவு, அதை அரிசி ஈடுகட்டுது.

அன்னைக்கு எல்லாரும் நெய் விட்டு சாப்பிட்டோம். அப்பா ரெண்டாவது தடவை போட்டுக்கிட்டே, “பாத்துக்கலாம் விடு கண்ணு”ன்னார்.