பேய்களுக்குத் தாளம் வகுத்த ஓவியர்

கல்கத்தாவில் வாழும் நம்மவர் வீட்டுக் குழந்தைகள், வங்கச் சிறுவரோடு கூடி கூபி, பாகா இருவரின் பாட்டுக்களைப் பாடித் திரிவதைப் பெற்றோர் கேட்டிருக்கலாம். சத்யஜித் ராய் 1969-ல் அளித்த 'கூபி கைன் பாகா பைன்' என்னும் திரைப்படத்தின்மேல் வங்காளிகள் கொண்டது வெறும் விருப்பமன்று, பித்து என்றே சொல்லவேண்டும். அதனையும் தம் பிற படங்களையும் எடுத்த வரலாற்றை ராய் சிறுவர்களுக்கெனக் கட்டுரைகளாக எழுதினார். சித்திரங்களையும் தாமே தீட்டினார். 1979-ல் அவை 'ஏகேய் போலே ஷூட்டிங்' என்ற நூலாயின. 'இதைத்தான் படப்பிடிப்பு என்பார்கள்' என்பது அப்பெயரின் பொருள்.

ராய் முதலில் ஓவியர், பின்னரே இயக்குநர். சாந்திநிகேதனத்தில் பயின்று, 1943-ல் விளம்பர நிறுவனம் ஒன்றில் சேர்ந்தவர். 'பதேர் பாஞ்சாலி' நாவலின் சிறுவர் பதிப்புக்குப் படம் வரைந்தபோதே அது திரைக்கு ஏற்ற கதை என்று அவர் கண்டுகொண்டார். முழுமையான திரைக்கதை எழுதினாரில்லை. காட்சிகளை மையால் வரைந்த ஏடு ஒன்றையே முதலாளிகளிடம் ஏந்திச் சென்றார். பணம் போட எவரும் முன்வரவில்லை!

1952-ல் நாணல் பூத்த வெளியில் முதல்நாள் படப்பிடிப்பு நடந்தது. அடுத்த ஞாயிறன்று சென்றால் பூக்களே இல்லை, மாடுகள் மேய்ந்துவிட்டன. மறுமுறை பூக்கும் பருவம்வரை காத்திருக்க நேர்ந்தது. இடையில் பணம் தீர்ந்து மாதக்கணக்கில் வேலை நின்றது. திரும்பி வந்தபோது படத்தில் நடித்த நாய் உயிரோடில்லை. மிட்டாய்க்காரராக நடித்தவரும் காலமாகிவிட்டார். அதே சாயலில் வேறொரு நாயைத் தேடினார்கள். மிட்டாய்க்காரருக்கோ, ஒத்த உடற்கட்டுள்ள ஒருவரை முதுகுப்புறமாகக் காட்டிச் சமாளித்தார்கள். இத்தனை இன்னலையும் குழந்தைகளிடம் புலம்பலின்றிச் சொல்ல எத்தனை பேரால் முடியும்? 'கூபி'க்காகப் புலியைப் படம்பிடித்த கதையும் இப்படித்தான்: கேமராக் கோளாறால் காட்சி இருண்டுபோகவே, புலியை மீண்டும் வரவழைத்தார்கள்.

அந்தப் படத்திற்கு உடைகளையும் அரங்குகளையும் தம் சிவப்புத்துணி அட்டையிட்ட நோட்டிலே முன்னதாகவே வரைந்து வைத்திருந்தார் ராய். மூலக் கதையை எழுதியவரும் ஓர் ஓவியரே, அவருடைய பாட்டனார் உபேந்திரகிஷோர். குடும்பச் சொத்து என்றால் இதுவல்லவா!

நமக்கு உரிய செய்தி ஒன்றுண்டு. படத்தில் வரும் பேய்கள் நால்வகை: அரசர், குடியானவர், வெள்ளையர், பருத்த உடலினர். இக்கூட்டங்களின் நடனத்துக்கு ராய் தேர்ந்தவை மிருதங்கம், கடம், கஞ்சிரா, மோர்சிங் என்னும் நம் கர்நாடக வாத்தியங்கள். கூட்டத்துக்கு ஒரு வாத்தியம். பாட்டோ சொல்லோ கிடையாது. அடுத்த முறை குழந்தைகளோடு அதனைக் காணுங்கால், சற்றே கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, இப்பொழுது ஆடும் பேய் எது என்று கேட்டுப் பாருங்கள்.