பசைக் கோடும் வண்ணமும்: நமக்கென ஒரு டி-ஷர்ட்

மருத்துவமனையில் சேர்ந்த முதல் நாளிலேயே நோயாளி தம் சொந்த உடையைக் களைந்து, எல்லோரும் உடுத்தும் ஒரே நிற உடைக்கு மாறிவிடுகிறார். சிகிச்சைக்கு அது தேவையே. ஆயினும், வாரக்கணக்கில் படுக்கையில் இருப்பவர்களுக்கு, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, ‘இது என்னுடையது’ என்று சொல்லிக்கொள்ள ஏதேனும் ஒன்று வேண்டியிருக்கிறது. அருகில் அமர்ந்து காத்திருப்பவருக்கோ, கைகளுக்கு ஒரு வேலை வேண்டியிருக்கிறது. பசையையும் துணி வண்ணத்தையும் கொண்டு டி-ஷர்ட்டை அழகுபடுத்தும் எளிய கலை இருவருக்கும் உதவும்.

வண்ணம் ஏறக்கூடாத இடத்தை முன்னதாகவே மறைத்துவிடுவதுதான் இக்கலையின் அடிப்படை. ஜாவாவின் பாத்திக் துணியில் உருகிய மெழுகு இவ்வாறு மறைக்கிறது. நைஜீரியாவின் யோருபா பெண்கள் மரவள்ளி மாவுப் பசையால் கோலமிட்டு, துணியை அவுரிச் சாயத்தில் தோய்க்கின்றனர். ஜப்பானியர் அரிசிப் பசையைப் பயன்படுத்துகின்றனர். நம் மதுரைச் சுங்குடியில் நூல் முடிச்சு அதே பணியைச் செய்கிறது. மெழுகை உருக்க அடுப்பு வேண்டும். தீக்காய அச்சமும் உண்டு. பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் பசைக்கு அடுப்பே தேவையில்லை.

தேவையானவை

வெளிர் நிறப் பருத்தி டி-ஷர்ட், தண்ணீரில் கழுவினால் நீங்கும் பள்ளிப் பசை, துணி வண்ணம், தூரிகை அல்லது பஞ்சுத் துண்டு, ஓர் அட்டை. மரவேலைக்கான பசை காய்ந்தபின் துணியை விட்டு எளிதில் நீங்காது, அதைத் தவிர்க்கவும். எந்தப் பசையானாலும் முதலில் ஒரு பழைய துணியில் இட்டு, காயவைத்து, கழுவிப் பார்ப்பது நல்லது.

செய்முறை

1. டி-ஷர்ட்டைத் துவைத்து உலர்த்துங்கள். புதுத்துணியின் கஞ்சி நீங்கினால்தான் வண்ணம் நன்கு பிடிக்கும்.

2. வண்ணம் பின்பக்கம் ஊறாதிருக்க, உள்ளே அட்டையைச் செருகுங்கள். பென்சிலால் மெல்லிய கோடாக வரைந்து, அதன்மேல் பசையைத் தடிமனாக இடுங்கள். கோடு விட்டுப்போன இடத்தில் வண்ணம் புகுந்துவிடும்.

3. ஓர் இரவு முழுவதும் காயவிடுங்கள். ஈரப்பசையின்மேல் வண்ணம் பூசினால் இரண்டும் கலந்துவிடும்.

4. வண்ணத்தில் சிறிதளவே நீர் சேர்த்துப் பூசுங்கள். நீர் மிகுந்தால் பசை கரைந்து, கோடு மங்கும்.

5. ஒரு நாள் காய்ந்தபின், வெதுவெதுப்பான நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, விரலால் மெல்லத் தேய்த்தால் பசை நீங்கும். அது இருந்த இடமெல்லாம் துணியின் இயல்பு நிறத்தில் கோடுகள் தெரியும்.

6. துணி உலர்ந்தபின் உட்புறத்தைத் திருப்பி, வண்ணப்புட்டியில் குறித்துள்ளபடி இஸ்திரி போடுங்கள். வெப்பத்தால்தான் வண்ணம் நிலைக்கும். அணியுமுன் மீண்டும் ஒருமுறை துவையுங்கள்.

நோயாளிக்கு ஏற்றவாறு

நெஞ்சுப் பகுதியில் மருந்துக் குழாய் பொருத்தியவர்களுக்கும், தோள் அல்லது கை அறுவை செய்துகொண்டவர்களுக்கும் தலைவழியாக அணியும் உடை துன்பம் தரும். அவர்களுக்காக டி-ஷர்ட்டின் முன்பக்கத்தை நடுவில் வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து, வெல்க்ரோ ஒட்டுப்பட்டையோ பிளாஸ்டிக் பொத்தானோ வைத்துவிட்டு, அதன்பின் வண்ணம் பூசத் தொடங்கலாம். உலோகப் பொத்தான் வேண்டாம், எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்குச் செல்லும்போது அதை அணிய இயலாது.

வண்ணம் காய்ந்த இடம் சற்று விறைப்பாக இருக்கும். ஆதலால் குழாய் இருக்கும் இடம், தையல் போட்ட இடம், கதிர்வீச்சுச் சிகிச்சை பெறும் தோற்பகுதி ஆகியவற்றின்மேல் படும் துணியை வண்ணமின்றி விட்டுவிடுங்கள். உதிரக்கூடிய மினுக்குத்தூளும் வேண்டாம்.

இரத்த வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில், இதில் ஈடுபடலாமா என மருத்துவரிடமோ செவிலியரிடமோ முதலில் கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால், நோயாளி உருவத்தையும் நிறத்தையும் தேர்ந்து சொல்ல, உடனிருப்பவர் வீட்டில் செய்து கொண்டுவரலாம். ஊசி ஏற்றிய கைக்கு வேலை கொடுக்க வேண்டாம். பக்கவாதத்திலிருந்து மீள்பவர்கள் பசைப்புட்டியை அழுத்துவது தங்கள் கைக்கு ஏற்றதா என்பதை இயன்முறை மருத்துவரிடம் கேட்டறிதல் நன்று. இஸ்திரி போடும் வேலை எப்போதும் வீட்டில், உடல்நலமுள்ள பெரியவருக்கே உரியது. நீரிழிவால் கைவிரல்களில் உணர்ச்சி குறைந்தவர்கள் அதைத் தொடவே வேண்டாம்.

ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் என்பதில்லை. பசை காய ஓர் இரவு, வண்ணம் காய ஒரு பகல் என இவ்வேலையே இடையிடையே ஓய்வைக் கேட்கிறது. களைத்த நாளில் இரண்டு கோடு போதும். கை நடுங்கிக் கோடு வளைந்தாலும் குறையில்லை. குழந்தை ஒரு மீனை வரைந்து, அதற்கு ஐந்து கால்கள் வைத்தால், ஐந்தும் இருக்கட்டும்.

இறுதியாக ஒன்று. சட்டையின் உள்விளிம்பில் நோயாளியின் பெயரையும் துணி வண்ணத்தால் எழுதிவிடுங்கள். அடுத்த முறை சிகிச்சைக்கு வரும்போது, சலவையில் எத்தனை துணிகளோடு கலந்தாலும் அது உரியவரிடமே திரும்பி வரும்.