பணமா, பந்தயமா?

உதகையிலும் குன்னூரிலும் வெள்ளைக்காரத் துரைமார் பொழுதுபோக்காக ஆடிவந்த டென்னிஸ், பிற்காலத்தில் ஒரு தமிழரைப் பெரும் தர்மசங்கடத்தில் நிறுத்தியது.

ராமநாதன் கிருஷ்ணன் தம் தந்தையிடமே ஆட்டம் பயின்றவர். 1960, 1961 ஆகிய இரு ஆண்டுகளிலும் விம்பிள்டனில் அரை இறுதி வரை முன்னேறியவர். அமெரிக்கரான ஜாக் கிரேமர், பெருந்தொகை தருவதாகச் சொல்லி, தம் தொழில்முறை ஆட்டக்காரர் குழுவுக்கு அவரை அழைத்தார். ஆனால், பணத்துக்காக ஆடுவோருக்கு அந்நாளில் விம்பிள்டனிலும் இடமில்லை. தேசத்துக்காக ஆடும் டேவிஸ் கோப்பையிலும் இடமில்லை. கிருஷ்ணன் மறுத்துவிட்டார்.

1966-இல் இந்தியா முதன்முறையாக டேவிஸ் கோப்பையின் இறுதிப் பந்தயத்தை எட்டியபோது, அணியின் முன்னணியில் நின்றவர் அவரே. மெல்போர்னில் கோப்பை ஆஸ்திரேலியாவுக்கே போயிற்று. எனினும் முகர்ஜியாவுடன் சேர்ந்து இரட்டையர் ஆட்டத்தை அவர் வென்றார். 1968-இல் விம்பிள்டன் தொழில்முறை ஆட்டக்காரருக்கும் கதவைத் திறந்தபோது, அவருக்கு முப்பது வயது கடந்திருந்தது.

பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பும் நாம், “எவ்வளவு கிடைக்கும்?” என்று கேட்பது தவறன்று. “யாருக்காக ஆடுகிறாய்?” என்றும் ஒருமுறை கேட்கலாமல்லவா?